மகுடம் போனது, மனிதர் நின்றார்

"அவனுக்கென்ன, ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி!"

கவலை இல்லாமல் திரியும் பிள்ளைகளைப் பார்த்து நாம் இப்படிச் சொல்லுவது உண்டு. அரண்மனையில் பிறந்துவிட்டால் துன்பம் இல்லை என்பது நம் எண்ணம்.

ஐரோப்பாவில் ஒரு குழந்தை பிறந்தது. 5 கோடி மக்களை ஆளப் பிறந்த குழந்தை அது. ஆறு வயது நிறைவதற்குள் அந்தக் குழந்தைக்கு நாடு இல்லை, அரண்மனை இல்லை. ஒன்பது வயதில் தகப்பனாரும் இல்லை. அதன் பிறகு 89 ஆண்டு காலம் அந்த மனிதர் வாழ்ந்தார்.

அவர் பெயர் ஓட்டோ. ஆஸ்திரியா - அங்கேரி சாம்ராஜ்யத்தின் கடைசிப் பட்டத்து இளவரசர். அவருடைய கதை, பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

600 ஆண்டு அரசு

ஆஸ்திரியாவை ஆண்ட பரம்பரைக்கு ஆப்ஸ்பர்க் பரம்பரை என்று பெயர். 1282-ம் ஆண்டு ஆஸ்திரியா அவர்கள் கைக்கு வந்தது. 600 ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் ஆட்சி நடந்தது.

1867-ம் ஆண்டு முதல் அது இரட்டை அரசாக விளங்கியது. ஆஸ்திரியாவுக்குத் தலைநகரம் வியன்னா; அங்கேரிக்குத் தலைநகரம் புடாபெஸ்டு. இரண்டுக்கும் அரசர் ஒருவரே. ஜெர்மானியர், அங்கேரியர், செக்கர், போலந்துக்காரர், குரோஷியர், ருமேனியர், இத்தாலியர் என்று பல மொழி பேசும் மக்கள் ஒரே கொடியின் கீழ் வாழ்ந்தார்கள்.

வெளியில் இருந்து பார்த்தால் பிரமாண்டமான மாளிகை. உள்ளே விரிசல் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மொழிக்காரரும் தங்களுக்கு உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் குரல் அரண்மனைக்குள் சரியாகக் கேட்கவில்லை.

துயரம் சூழ்ந்த அரண்மனை

அப்போது சக்கரவர்த்தியாக இருந்தவர் பிரான்சிஸ் ஜோசப். 1848-ம் ஆண்டு, 18 வயதில் பட்டத்துக்கு வந்தவர். 68 ஆண்டு காலம் ஆண்டார். அவ்வளவு நீண்ட ஆட்சியில் அவர் கண்ட சாவுகள் ஒன்றிரண்டு அல்ல.

அவருடைய தம்பி மாக்சிமிலியன், மெக்சிகோ நாட்டுக்கு அரசராகப் போனார். 1867-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சக்கரவர்த்தியின் ஒரே மகன் ரூடால்பு. பட்டத்து இளவரசர். ஆறு வயதிலேயே அவரை ஒரு ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். "வீரனாக வளர்க்கிறேன்" என்று அந்த அதிகாரி அந்தச் சின்னஞ்சிறு பிள்ளையைப் பாடாய்ப்படுத்தினார். தூங்கும்போது துப்பாக்கி வெடித்து எழுப்புவாராம்! தாயார் எலிசபெத் ராணி பிடிவாதம் பிடித்து அந்த அதிகாரியை மாற்றச் செய்தார்.

ரூடால்பு அறிவாளி. பறவைகளைப் பற்றி ஆராய்ந்தார். நாட்டில் சீர்திருத்தம் வேண்டும் என்று, பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினார். தகப்பனாரோ அவரை அரசியல் பக்கமே அண்டவிடவில்லை. மனம் உடைந்த இளவரசர் 1889-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி மாயர்லிங் என்ற ஊரில், வேட்டை மாளிகையில் பிணமாகக் கிடந்தார். கூடவே 17 வயதுப் பெண் ஒருத்தியும் இறந்துகிடந்தாள். இளவரசருக்கு வயது 30.

1898-ல் ராணி எலிசபெத் ஜெனீவா நகரில் கூரான அரத்தால் குத்தப்பட்டு மாண்டார்.

அடுத்த வாரிசு, சக்கரவர்த்தியின் தம்பி மகன் பிரான்சிஸ் பெர்டினாண்டு. 1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரில் அவரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் இருந்துதான் முதல் உலகப்போர் கிளம்பியது.

பெர்டினாண்டின் மனைவி அரச குலத்துக்கு ஈடான குடும்பம் அல்ல என்று சொல்லி, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லை என்று முன்பே எழுதி வாங்கியிருந்தார்கள். ஆகவே, சக்கரவர்த்தியின் அதே தம்பியின் பேரனான சார்லஸ் வாரிசு ஆனார். அந்தச் சார்லசின் மூத்த மகன்தான் ஓட்டோ.

நான்கு வயதில் பட்டத்து இளவரசன்

ஓட்டோ 1912-ம் ஆண்டு நவம்பர் மாதம் 20-ந் தேதி பிறந்தான். தாயார் பெயர் சீட்டா.

1916-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி கிழச்சக்கரவர்த்தி காலமானார். சார்லஸ் சக்கரவர்த்தி ஆனார். அதற்கு முந்திய நாள்தான் நான்கு வயது நிறைந்த ஓட்டோ, பட்டத்து இளவரசன் ஆனான்.

டிசம்பர் 30-ந் தேதி புடாபெஸ்டில் முடிசூட்டு விழா நடந்தது. அரசருக்கும் அரசிக்கும் நடுவே சிறுவன் ஓட்டோ வீற்றிருந்த படம் இன்றும் இருக்கிறது. தலையிலே இறகு செருகிய தொப்பி. முகத்திலே பால்மணம் மாறாத பார்வை. பார்த்தவர்கள் பரவசப்பட்டார்கள்.

ஆனால், அதே நேரத்தில் போர்முனையில் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போரில் ஆஸ்திரியா - அங்கேரி தரப்பில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மடிந்தார்கள். வியன்னா நகரத்தில் ரொட்டிக்கு நீண்ட வரிசையில் மக்கள் நின்றார்கள். வயிறு காயும்போது மகுடத்தின் பளபளப்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

சார்லஸ் சமாதானம் செய்யத்தான் முயன்றார். காலம் கடந்துவிட்டது. 1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி, அரசாங்கக் காரியங்களில் இனித் தலையிடுவது இல்லை என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் குடியரசு பிரகடனம் ஆயிற்று.

ஓட்டோவின் ஆறாவது பிறந்த நாளுக்கு இன்னும் 8 நாள் இருந்தது.

நாட்டை விட்டுப் போன ரெயில்

1919-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, ஒரு ரெயில் ஆஸ்திரியாவின் எல்லையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தது. அதில் சார்லஸ், சீட்டா, ஐந்து குழந்தைகள். பாதுகாப்புக்கு ஓர் ஆங்கில ராணுவ அதிகாரி.

10 நாளில், ஏப்ரல் 3-ந் தேதி, குடியரசு பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. ஆப்ஸ்பர்க் குடும்பத்தார் பட்ட உரிமையைத் துறந்து, குடியரசுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்தால் நாட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் நாடு கடத்தல். அரச குடும்பத்துச் சொத்துகளும் பறிமுதல்.

சார்லஸ் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கேரி அரசை மட்டுமாவது மீட்கலாம் என்று 1921-ல் இரண்டு முறை அங்கே போனார். ஒரு காலத்தில் அவருடைய கடற்படைக்குத் தளபதியாக இருந்த ஓர்த்தி என்பவரே அப்போது அங்கேரியின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அவர் இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் சார்லசும் சீட்டாவும் பிடிபட்டார்கள். ஆங்கிலக் கப்பலில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா தீவுக்கு அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

பொம்மை வாங்கப் போனவர்

மதீராவில் பணம் இல்லை. நகரத்து ஓட்டலில் தங்கக் கட்டவில்லை. மலை மேல், பனி மூட்டமும் ஈரமும் நிறைந்த ஒரு வீட்டில் குடியேறினார்கள்.

1922-ம் ஆண்டு மார்ச் மாதம். இன்னொரு மகனுக்கு நான்காவது பிறந்த நாள். பிள்ளைக்குப் பொம்மை வாங்க சார்லஸ் மலையில் இருந்து இறங்கி நகரத்துக்குப் போனார். குளிர் தாக்கியது. சளி, நிமோனியா காய்ச்சலாக மாறியது. ஏப்ரல் 1-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 34.

சாகும் தறுவாயில் மூத்த மகனை அருகே அழைக்கச் சொன்னார். "ஒரு சக்கரவர்த்தி எப்படி இறக்கிறான் என்பதை அவன் பார்க்கட்டும்" என்பது அவர் எண்ணம். ஒன்பது வயதுச் சிறுவன் கட்டில் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தான்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பாதி நாடுகள் அஞ்சிய பரம்பரை. அதன் கடைசிச் சக்கரவர்த்தி, மகனுக்குப் பொம்மை வாங்கப் போய் நோயில் விழுந்தார். அந்த நேரத்தில் அவர் சக்கரவர்த்தி அல்ல. நம் வீட்டுத் தகப்பன்மாரைப் போல ஒரு தகப்பன்.

தாய் கொடுத்த சொத்து

சீட்டாவுக்கு அப்போது வயது 29. ஏழு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. அன்று உடுத்த கறுப்பு உடையை, 1989-ல் தமது 96-வது வயதில் இறக்கும்வரை அவர் மாற்றவே இல்லை.

ஸ்பெயின் நாட்டு அரசர் இரங்கி இடம் கொடுத்தார். பிறகு பெல்ஜியத்துக்குக் குடிபோனார்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க அந்தத் தாயிடம் ராஜ்யம் இல்லை. ஆனால் படிப்பு கொடுத்தார். "ஒரு நாள் நீ அரசாளுவாய். அதற்குத் தகுதி வேண்டும்" என்ற எண்ணத்துடன் ஓட்டோவை வளர்த்தார். ஆஸ்திரியப் பாடமும் படிக்க வேண்டும். அங்கேரியப் பாடமும் படிக்க வேண்டும். ஜெர்மன், அங்கேரியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம் எல்லாம் பேச வேண்டும். பையன் சளைக்காமல் படித்தான்.

1935-ம் ஆண்டு பெல்ஜியத்தில் லூவான் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எதைப்பற்றி ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? ஆஸ்திரியாவில் குடியானவர்களின் நிலம், பங்கு பிரிக்கப்படாமல் வாரிசுக்குப் போய்ச் சேரும் வழக்கத்தைப்பற்றி! ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசு, ஏர் உழுகிறவனின் வாரிசு உரிமையைப்பற்றி எழுதினார்.

அரசாளத் தாய் கொடுத்த படிப்பு, அரசாள உதவவில்லை. வாழ உதவியது.

ஹிட்லருக்கு மறுப்பு

படிக்கும் காலத்தில் ஓட்டோ பெர்லின் நகரில் சில மாதம் இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஹிட்லர் அவரைச் சந்திக்க விரும்பியபோது ஓட்டோ மறுத்துவிட்டார்.

பழைய மகுடத்தை மீட்க நினைக்கிறவர்கள் பலசாலியின் பின்னால் போவது வழக்கம். ஓட்டோ போகவில்லை. 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கப் பார்த்தபோது, "எதிர்த்து நில்லுங்கள். வேண்டுமானால் பிரதமர் பொறுப்பை என்னிடம் கொடுங்கள்" என்று ஆஸ்திரியப் பிரதமருக்கு எழுதினார். பிரதமர் இணங்கவில்லை. மார்ச் 12-ந் தேதி ஜெர்மன் படை நுழைந்தது. அந்தப் படையெடுப்புத் திட்டத்துக்கு ஜெர்மானியர் வைத்திருந்த ரகசியப் பெயரே "ஓட்டோ" என்பதுதான்! சரயேவோவில் மாண்ட பெர்டினாண்டின் இரு மகன்களையும் பிடித்து, டாக்காவ் சிறை முகாமில் அடைத்தார்கள். ஓட்டோ மீது ராஜத் துரோகக் குற்றம் சாட்டித் தேடினார்கள்.

1940-ல் பெல்ஜியம் விழுந்தது. குடும்பம் பிரான்சு, ஸ்பெயின், போர்த்துகல் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பியது. அப்போதும் ஓட்டோ தம் குடும்பத்துக்கு மட்டும் வழி தேடவில்லை. போர்டோ நகரில் இருந்த போர்த்துகல் தூதர், தம் அரசாங்கத்தின் உத்தரவையும் மீறி அகதிகளுக்கு விசா வழங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டு, யூதர்கள் உள்பட மற்ற அகதிகளும் தப்ப ஓட்டோ உதவினார்.

விசித்திர பாஸ்போர்ட்

போர் முடிந்தது. ஓட்டோவுக்கு மட்டும் நாடு திரும்பவில்லை. பழைய சட்டம் மீண்டும் உயிர் பெற்றது.

1951-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. ஐந்து பெண்களும் இரண்டு ஆண்களும் பிறந்தார்கள். ஜெர்மனியில் பவேரியா மாகாணத்தில் பெக்கிங் என்ற சிற்றூரில் குடியிருந்தார். எழுதியும், ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தும் சம்பாதித்தார்.

1956-ல் அவரை ஆஸ்திரியக் குடிமகன் என்று ஒப்புக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டும் கொடுத்தார்கள். அந்தப் பாஸ்போர்ட்டைக் கொண்டு எல்லா நாடுகளுக்கும் போகலாம். ஆஸ்திரியாவுக்கு மட்டும் போகக்கூடாது! சொந்த வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, "எந்த வீட்டை வேண்டுமானாலும் திற. உன் வீட்டைத் திறக்காதே" என்று சொன்னது போல இருந்தது.

இது நியாயமா?

குடியரசின் பயம் நமக்குப் புரிகிறது. மன்னராட்சி திரும்பி வந்தால் மக்கள் பெற்ற உரிமை பறிபோகுமே என்று அவர்கள் அஞ்சினார்கள். 1930-ம் ஆண்டுகளில், பார்லிமெண்டை மூடிவிட்டு நடந்த சர்வாதிகார ஆட்சியோடு ஓட்டோ இணங்கிப்போனதையும் அவர்கள் மறக்கவில்லை. அந்தக் கணக்கில் அவர் பக்கமும் குற்றம் உண்டு. நாம் அதை மறைக்க வேண்டியது இல்லை.

ஆனால், நாட்டை விட்டுப் போனபோது அவன் ஆறு வயதுப் பாலகன். தகப்பன் செய்த தவறுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது மன்னராட்சியின் பழக்கம். பிறப்பால் ஒருவனுக்குப் பெருமை இல்லை என்பதுதான் குடியாட்சி. அப்படியானால், பிறப்பால் ஒருவனுக்குத் தண்டனையும் கூடாது அல்லவா?

ஒரு கையெழுத்து

1961-ம் ஆண்டு மே 31-ந் தேதி. ஓட்டோவுக்கு வயது 48. பட்டத்துக்கு உரிமை கொண்டாடுவது இல்லை. குடியரசின் விசுவாசமுள்ள குடிமகனாக இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டார்.

தகப்பனார் சாகும்வரை போட மறுத்த கையெழுத்து அது. தாயாரும் அப்படி எழுதிக் கொடுக்கவே இல்லை. பிற்பாடு, 1982-ல் சட்டத்துக்குப் புது விளக்கம் கண்டுதான் அந்தக் கிழவியை நாட்டுக்குள் விட்டார்கள்.

பெற்றோர் ஊட்டி வளர்த்த கனவை 48 வயதில் உதறுவது லேசான காரியமா? ஓட்டோ செய்தார். 600 ஆண்டுப் பெருமையைவிட, சொந்த மண்ணில் ஒரு சாதாரண மனிதனாக நடப்பது மேல் என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகும் லேசில் விடவில்லை. 1963-ல் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. அதை எதிர்த்து அரசியலில் பெரும் புயல் எழுந்தது. 1966-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதிதான் அவர் இன்ஸ்புருக் நகரத்துக்கு வந்துபோக முடிந்தது. அதற்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1972-ல் சோஷலிஸ்டு பிரதமர் கிரைஸ்கி அவரோடு கைகுலுக்கிய பிறகே பகை தணிந்தது.

ஓட்டுக் கேட்ட இளவரசர்

1979-ல் ஐரோப்பிய பார்லிமெண்டுக்கு முதல் முறையாக மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். ஓட்டோ அதற்கு முந்திய ஆண்டு ஜெர்மன் குடியுரிமையும் பெற்றிருந்தார். பவேரியாவில் தேர்தலுக்கு நின்றார், வென்றார். அப்போது அவருக்கு வயது 66. 1999 வரை, 20 ஆண்டு காலம் மெம்பராக இருந்தார்.

பிறப்பால் வரவேண்டிய பதவி வரவில்லை. ஓட்டுக் கேட்டு ஒரு பதவி வந்தது. அதை அவர் பொறுப்பாகப் பார்த்தார். கம்யூனிஸ்டு ஆட்சியில் இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும் மறக்கக்கூடாது என்பதற்காக, பார்லிமெண்டில் ஒரு நாற்காலியைக் காலியாக வைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

1989-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி. ஆஸ்திரியாவுக்கும் அங்கேரிக்கும் நடுவே, சோப்ரான் நகரத்துக்கு அருகே எல்லையில் ஒரு விழா நடந்தது. அதற்கு ஓட்டோவும் ஒரு புரவலர். அவர் சார்பில் மகள் வால்பர்கா வந்திருந்தார். எல்லைக் கதவு சற்று நேரம் திறக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு விடுதலையை நோக்கி ஓடினார்கள். மூன்று மாதம் கழியுமுன் பெர்லின் சுவர் திறந்தது.

தகப்பனார் ஆண்ட காலத்தில் ஆஸ்திரியாவும் அங்கேரியும் ஒரே சாம்ராஜ்யம். பிறகு அங்கே முள்கம்பி வேலி வந்தது. படையோடு போய்த் தகப்பனார் அங்கேரியில் சாதிக்க முடியாமல் தோற்றார். ஒரு விழா நடத்தி, மகன் அந்த வேலியைத் திறக்கத் துணை நின்றார்.

மூன்றாவது முறை தட்டியபோது

2011-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, 98-வது வயதில் ஓட்டோ காலமானார். அந்த ஆண்டில்தான், ஆப்ஸ்பர்க் குடும்பத்தார் ஆஸ்திரிய ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்று இருந்த தடையும் நீங்கியது.

ஜூலை 16-ந் தேதி வியன்னாவில் இறுதி ஊர்வலம் நடந்தது. குடியரசின் ஜனாதிபதியும் வந்திருந்தார். கப்பூச்சின் துறவிகளின் மடத்தில், ஆப்ஸ்பர்க் அரசர்களின் கல்லறை இருக்கிறது. அங்கே கதவு தட்டும் சடங்கு நடந்தது.

கதவைத் தட்டினார்கள். வந்திருப்பது யார் என்று உள்ளே இருந்து துறவி கேட்டார். ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர், அங்கேரியின் இளவரசர் என்று பரம்பரைப் பட்டங்களை எல்லாம் அடுக்கினார்கள். அவரை எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

மீண்டும் தட்டினார்கள். டாக்டர் பட்டம், பார்லிமெண்டுப் பதவி, கிடைத்த கவுரவங்கள் என்று அவர் வாழ்நாளில் தேடியதைச் சொன்னார்கள். அப்போதும் தெரியாது என்றே பதில் வந்தது.

மூன்றாவது முறை தட்டினார்கள். ஓட்டோ, சாகப் பிறந்த பாவப்பட்ட மனிதன் என்றார்கள்.

கதவு திறந்தது.

நம் வீட்டுக்கு ஒரு பாடம்

சாம்ராஜ்யம் அழிந்ததற்காக நாம் கண்ணீர் விட வேண்டியது இல்லை. மக்கள் பசித்திருக்கும்போது காது கொடுக்காத அரசு நிற்காது; நிற்கவும் கூடாது.

நம்மிடம் சாம்ராஜ்யம் இல்லை. ஆனால் நம் வீடுகளிலும் சின்னச் சின்ன மகுடங்கள் உண்டு. "எங்கள் தாத்தா காலத்தில் எப்படி இருந்தோம் தெரியுமா?" என்று பேசிப் பேசியே வேலைக்குப் போகாத பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அரை ஏக்கர் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுவதும் கோர்ட்டு வாசலில் நிற்பதையும் பார்க்கிறோம்.

ரூடால்புக்கு எல்லாம் இருந்தது. அவர் மனத்தைக் கேட்க ஆள் இல்லை; செய்ய ஒரு வேலை இல்லை. 30 வயதில் முடிந்துபோனார். ஓட்டோவுக்கு எல்லாம் போயிற்று. தாய் கொடுத்த படிப்பும், உழைக்கும் பழக்கமும், வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுக்கும் மனமும் இருந்தன. 98 வயது வரை பயனோடு வாழ்ந்தார்.

பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ப்பது தவறு அல்ல. அந்தச் சொத்து ஒரு நாள் போய்விட்டால் என் பிள்ளை என்ன செய்வான், என் பெண் எப்படிப் பிழைப்பாள் என்று ஒவ்வொரு தாயும் தந்தையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு விடை கையில் இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை.